ஆற்றுக்குப் பட்ட கடன்



ஒருவன் நெடுநாளாக அயலான் வாசலில் குப்பை கொட்டி வந்தான். ஒருநாள் அவ்வழக்கத்தை விட்டுவிட்டான். சர்க்கார் அபராதத்துக்கு அஞ்சி விட்டிருக்கலாம். தன்னிடம் சாமான் வாங்குவோர் முகஞ்சுளித்ததால் விட்டிருக்கலாம். குப்பையையே காசு கொடுத்து வாங்க ஓர் ஆள் வந்ததால் விட்டிருக்கலாம். அல்லது, அல்லாஹ்வின் முன் நிற்கவேண்டிய நாளை நினைத்து விட்டிருக்கலாம். நான்கில் எதுவாயினும் அயலான் வாசல் சுத்தமாகிவிட்டது. ஆனால் குப்பை கொட்டியவனின் நிலை நான்கிலும் ஒன்றுதானா? இதுவே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

இக்காலத்தில் பெரிய கம்பெனிகள் எல்லாம் தாங்கள் ஆற்றையும் காற்றையும் மண்ணையும் காப்பதாக விளம்பரம் செய்கின்றன. மலேசியா, இந்தியா போன்று தொழிலில் வளர்ந்துவரும் நாடுகளில் இப்பேச்சு மிக அதிகம். பணத்தையே குறியாகக் கொண்ட ஆலைகள் எதனால் இவ்வழிக்கு வந்தன? மனம் திருந்தி வந்தனவா, வேறு எதுவும் பிடித்து இழுத்து வந்ததா? கைக்கெட்டிய தூரத்திலுள்ள சான்றுகளைக் கொண்டே பார்ப்போம்.

முதலாவது, நம் மலேசியாவின் செம்பனை ஆலைகள். பழத்தை அவித்து எண்ணெய் பிழியும்போது, எண்ணெயைக் காட்டிலும் அதிகமாகக் கழிவுநீர் வெளியாகும். அது நஞ்சன்று, ஆனால் ஆற்றில் விழுந்து அழுகும்போது, மீன்களுக்கு வேண்டிய பிராணவாயுவை எல்லாம் தின்று தீர்த்துவிடும். ரப்பர் போய்ச் செம்பனை பெருகிய காலத்தில், தோட்டத்து ஆறுகள் பல இவ்வாறு கறுத்து நாறின. அந்த ஆற்றில் குளித்தவர்களும் துணி துவைத்தவர்களும் மீன் பிடித்தவர்களும் தோட்டத்து ஜனங்களும் கம்பத்து ஜனங்களுமே.

1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகள் பிறந்து, மறு ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகளின் சூட்சுமத்தை வியாபாரிகளாகிய நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சர்க்கார், “இன்றே ஆலையை மூடு” என்று கூறவில்லை. “உன் மனம் போல் செய்” என்று விட்டுவிடவும் இல்லை. ஒரு லிட்டர் கழிவுநீரில் உள்ள அழுக்கு எவ்வளவு பிராணவாயுவைத் தின்னும் என்பதற்கு ஓர் அளவு வைத்தார்கள். முதல் ஆண்டில் 5,000 மில்லிகிராம். பிறகு ஆண்டுக்காண்டு குறைத்து, 1984-இல் 100 மில்லிகிராம். லைசென்சுக் கட்டணத்தையும் அந்த அழுக்கின் எடையோடு பிணைத்தார்கள். அளவுக்குள் நிற்பவனுக்கு டன்னுக்கு 10 வெள்ளி. அளவை மீறிய பகுதிக்கு டன்னுக்கு 100 வெள்ளி. முதல் ஆண்டில் பணத்தைக் கட்டிவிட்டு அளவை மீற இடம் இருந்தது. பின்னர் அந்த இடமும் அடைக்கப்பட்டது.

விளைவு என்ன? ஆலைகள் குளம் வெட்டிக் கழிவைத் தேக்கி, நுண்கிருமிகளைக் கொண்டே அழுக்கைச் செரிக்கச் செய்யும் முறையைக் கண்டுகொண்டன. அடுத்த பத்தாண்டுகளில் நாட்டின் செம்பனை எண்ணெய் இரு மடங்குக்கு மேல் பெருகியது. ஆற்றில் விழுந்த அழுக்கோ பெரிதும் குறைந்தது. பின்னாளில் அதே கழிவை வயலுக்கு உரமாக்கினார்கள். அதிலிருந்து எரிவாயு பிடித்து மின்சாரமும் எடுத்தார்கள். தொழில் அழிந்துவிடும் என்று அன்று அஞ்சியவர்களின் அச்சம் பொய்யாயிற்று. ஆலை முதலாளிகள் ஒரே இரவில் அவுலியாக்களாகிவிடவில்லை. அழுக்குக்கு விலை வைக்கப்பட்டது. விலை வைத்ததும் அதைக் குறைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் விலை சரியான விலையாக இருக்கவேண்டும். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்து ஆலைக் கழிவு ஒன்று சிலாங்கூர் ஆற்றில் கலந்ததால், நான்கு குடிநீர் நிலையங்களை மூட நேர்ந்தது. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றது. தொற்றுநோய் பரவி, “அடிக்கடி கை கழுவுங்கள்” என்று ஊரெல்லாம் முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. பள்ளிவாசல் ஹவுளு வறண்டது. உணவகத்தில் சட்டி கழுவ நீரில்லை. மையித்தைக் குளிப்பாட்டும் நீருக்கும் லாரியை எதிர்பார்க்கும் நிலை வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியிருந்தது. அந்நாளில் நீரைக் கெடுப்பவனுக்கு 1974-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 1 லட்சம் வெள்ளி. கழிவை முறையாக அகற்றும் செலவு அதைவிட அதிகமானால், கணக்குப் பார்க்கும் முதலாளி எதைத் தேர்வான்? அபராதம் அவனுக்குத் தண்டனையாகத் தோன்றாது. கொட்டுவதற்குக் கட்டும் வாடகையாகவே தோன்றும். 2024-இல் சட்டத்தைத் திருத்தி, உச்ச அபராதத்தை 1 கோடி வெள்ளியாக்கினார்கள். அச்சம் வேலை செய்யவேண்டுமானால் அதற்குக் கனம் வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

இரண்டாவது சான்றைச் சொல்ல நமக்குச் சற்று கூச்சமாகவே இருக்கிறது. ஏனெனில் அது நம்மவர் பலர் ஈடுபட்டுள்ள தொழில். தமிழ்நாட்டின் வட ஆற்காட்டுப் பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழிலைத் தலைமுறைகளாக நடத்தி வருபவர்களில் முஸ்லிம் வணிகர்கள் மிகப் பலர். அத்தொழிலின் வருமானத்தில் பள்ளிவாசல்கள் எழுந்தன, மதரசாக்கள் நடந்தன, கல்லூரிகள் வளர்ந்தன. அனாதைப் பிள்ளைகள் படித்தார்கள். இவற்றை எல்லாம் மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றிலும் வயலிலும் கிணற்றிலும் இறங்கியது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் நீர் செலவாகும் என்றும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ ஓரளவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்றும் இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பிலே காணக்கிடக்கிறது. திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போன செய்தியும் அதிலே உண்டு.

இங்கே ஒரு சங்கதியைக் கூர்ந்து நோக்கவேண்டும். 1989-இல் ஜெர்மனி தேசம், தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் பென்டாகுளோரோபீனால் என்ற மருந்தைத் தடை செய்தது. 1994-இல் சில அஸோ சாயங்களையும் தடுத்தது. அத்தோலாலான செருப்பும் சட்டையும் தங்கள் மக்களின் மேனியில் படுகின்றன, அவற்றால் நோய் வரும் என்பது அவர்களின் காரணம். உடனே நம் தோல் வணிகர்கள் என்ன செய்தார்கள்? சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையுடன் மாற்று மருந்தும் மாற்றுச் சாயமும் தேடிக் கொண்டார்கள். வாங்குபவன் “வேண்டாம்” என்றதும் சில ஆண்டுகளிலேயே காரியம் நடந்துவிட்டது. ஆனால் பாலாற்றங்கரைக் குடியானவனின் கிணற்றில் உப்பும் குரோமியமும் இறங்கிய விஷயம் பல்லாண்டுகள் இழுத்தடித்தது. ஜெர்மானியனின் காலுக்குக் கிடைத்த மரியாதை நம் ஊர்க் கிழவியின் குடத்துக்குக் கிடைக்கவில்லை!

வாங்குபவனின் கட்டளைக்கு வலிமை உண்டு என்பதில் ஐயமில்லை. செம்பனை எண்ணெயிலும் வெளிநாட்டுக் கடைகள் கேட்டதன் பேரிலேயே 2004-இல் நற்சான்று வழங்கும் வட்டமேசை அமைப்பு ஒன்று உருவாயிற்று. ஆனால் வாங்குபவன் முதலில் தன்னைத்தான் காத்துக்கொள்வான். அவன் கண் சரக்கின் மீது விழுகிற அளவுக்குச் சரக்கு செய்த ஊரின் வாய்க்காலில் விழுவதில்லை. வாய்க்காலைக் காக்க அவ்வாய்க்கால் கரையிலுள்ளவன்தான் எழவேண்டும்.

வேலூரில் அவ்வாறே எழுந்தார்கள். வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை 1991-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கெடுத்தவனே ஈடு கொடுக்கவேண்டும்; கேடு வருமென்று தெரிந்தால் வருமுன்பே தடுக்கவேண்டும் என்ற இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தைச் சேர்ந்தவையே என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்புக்கு வழி செய்யாத ஆலைகளை மூடச் சொன்னது. பின்னர் அமைந்த ஆணையம் 2001-இல் 29,000-க்கு மேற்பட்டவர்களைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டு, 547 ஆலைகள் 26 கோடி ரூபாய்க்கு மேல் ஈடு தரவேண்டும் என்று கணக்கிட்டது.

சிறு ஆலைக்காரன் தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாது. ஆகவே பல ஆலைகள் பங்கு போட்டு, சர்க்கார் மானியமும் பெற்று, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. ஜமாஅத்தாகச் சேர்ந்தால் தனியாளால் இயலாததும் இயலும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில், அத்தகைய பொது நிலையம் ஒன்றின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வங்காளத்திலிருந்து வந்த ஏழைகள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் இவ்விஷயத்தை எடுத்து, கேடு நீங்கும்வரை கெடுத்தவனின் பொறுப்பும் நீங்காது என்று கண்டிப்பாகக் கூறிற்று. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்! கட்டடம் எழும்பிவிட்டது; பொறுப்பு முழுதும் எழும்பவில்லை.

ஆக, கம்பெனிகளை நல்வழிக்கு இழுத்தவை எவை என்று கேட்டால், சட்டத்தின் அச்சம், வாங்குபவனின் கட்டளை, கரையிலுள்ளவனின் முறையீடு, கழிவிலும் காசு உண்டு என்ற இலாபக் கணக்கு என்றே சொல்லவேண்டியிருக்கிறது. மனச்சாட்சி தனியாக நின்று சாதித்தது சொற்பமே.

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். இறையச்சமின்றி, அபராதத்துக்கு அஞ்சிச் செய்த காரியத்துக்கு மதிப்பு உண்டா? செயல்கள் எல்லாம் நிய்யத்தைக் கொண்டே அமைகின்றன என்று நாம் மதரசாவில் முதற்பாடமாகப் படித்தவர்கள். ஆதலால், “உள்ளம் திருந்தாமல் கையை மட்டும் கட்டிப் பயன் என்ன?” என்று சிலர் கேட்கக்கூடும்.

அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன கப்பல் உவமையை நினைவூட்டுகிறோம். கப்பலின் மேல்தட்டில் சிலர், கீழ்த்தட்டில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்கு ஒவ்வொரு முறையும் மேலே ஏறிவர வேண்டியிருக்கிறது. மேலே உள்ளவர்களுக்குத் தொந்தரவு கொடுக்காமல், நம் பகுதியிலேயே ஒரு துவாரம் போட்டுக்கொள்வோமே என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அவர்களை விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்குவர். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பர். துவாரம் போட முனைந்தவர்களின் எண்ணம் என்ன? பிறருக்குத் தொந்தரவு கூடாது என்பது. நல்ல எண்ணம்தான்! ஆனால் நல்ல எண்ணம் என்பதற்காகக் கடல்நீர் உள்ளே வராமல் நின்றுவிடுமா? ஆகவேதான் அங்கே முதலில் பிடிக்கவேண்டியது கை. நிய்யத்தை விசாரிக்கப் பிறகு ஒரு நாள் இருக்கிறது. அதற்கென ஒரு நீதிபதியும் இருக்கின்றான். ஆலைக்கும் இது பொருந்தும். கழிவைத் தடுப்பவன் அச்சத்தால் தடுத்தாலும் ஆசையால் தடுத்தாலும், தடுக்கவே வேண்டும். ஆறு அவனுடைய உள்ளத்தைப் பார்த்துத் தெளிவதில்லை.

அப்படியானால் உள்ளத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. அச்சம் அதிகாரியின் கண் எட்டும் தூரம் வரைதான் காவல் காக்கும். பகலில் திறந்திருக்கும் சுத்திகரிப்பு நிலையம், மின்சாரச் செலவை மிச்சம் பிடிக்க இரவில் மூடப்படலாம். வாங்குபவன் பார்க்க வரும் ஆலை ஒன்றாகவும், உண்மையில் வேலை நடக்கும் ஆலை வேறாகவும் இருக்கலாம். அவ்விடத்தில் காவல் காக்க ஈமான் ஒன்றே உண்டு.

ஈமான் உள்ளவன் இக்காரியத்தை எந்தப் பக்கத்தில் எழுதவேண்டும் என்பதே நாம் சொல்ல வந்த முக்கிய விஷயம். கம்பெனிகள் இதைத் தங்கள் தர்மக் கணக்கில் எழுதுகின்றன. மரம் நட்டோம், பள்ளிக்கூடத்துக்கு வர்ணம் பூசினோம் என்பதோடு, கழிவைச் சுத்திகரித்தோம் என்பதையும் சேர்த்துப் புண்ணியமாகக் காட்டுகின்றன. நம்மவரில் சிலரும் பள்ளிவாசலுக்குக் கார்ப்பெட் வாங்கிக் கொடுத்து, கிணற்றைக் கெடுத்ததற்கு ஈடாகிவிட்டது என்று எண்ணக்கூடும். சகோதரர்களே! கடை வைத்திருக்கும் எவனும் அறிவான்: பற்று வேறு, வரவு வேறு. பிறன் நீரைக் கெடுத்தவன் அவனுக்குக் கடன்பட்டவன். கடனைத் தீர்ப்பது தர்மமாகாது. கடனை வைத்துக்கொண்டு தர்மம் செய்பவனை ஊரார் புகழலாம்; கடன் கொடுத்தவன் புகழமாட்டான்.

அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அல்லாஹ் நாடினால் தவ்பாவினால் மன்னிப்பான். அடியார்களின் ஹக்கு அவ்வாறன்று; உரியவன் பொறுக்கவேண்டும், அல்லது உரியவனுக்குத் திருப்பித் தரவேண்டும். மறுமையில் திவாலாகிறவன் யார் என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் மூட்டையாகக் கொண்டுவருவான். ஆனால் பிறரை ஏசியும் அடித்தும் பிறர் பொருளைத் தின்றும் இருப்பான். அவர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் நன்மைகளை எடுத்துக்கொள்ள, மூட்டை காலியாகிவிடும். ஒரு மனிதனை அடித்தவனுக்கு அந்த ஒருவனிடம் மட்டும் பொறுப்புத் தேடினால் போதும். ஆற்றைக் கெடுத்தவன் யாரிடம் போவான்? கரை நெடுகக் குடித்தவர்கள் யார், குளித்தவர்கள் யார், பயிர் இழந்து ஊரை விட்டுப் போனவர்கள் யார், கெட்ட மண்ணில் இனிப் பிறக்கப்போகும் குழந்தைகள் யார்? முகம் தெரியாத அத்தனை பேரும் அவனுக்குக் கடன் கொடுத்தவர்கள். முகவரி தெரியாத கடன்தான் மிகவும் அஞ்சத்தக்க கடன். உரியவரைக் கண்டுபிடிக்க இயலாதபோது, அப்பொருளைப் பொதுநன்மைக்குச் செலவிடலாம் என்று இமாம் கஸ்ஸாலி போன்ற பெரியோர் வழி காட்டியிருக்கின்றனர். ஆனால் பாலாற்றங்கரையில் ஆயிரக்கணக்கானோரை ஆணையமே கண்டறிந்து கணக்கிட்டிருக்கிறது. பெயர் தெரிந்தவனுக்குக் கொடுக்காமல் பொதுவில் கொடுத்துத் தப்ப முடியாது.

“நாம் ஏழை நாடுகள். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுக்கிறோம். மேல்நாட்டாரும் முதலில் ஆற்றைக் கெடுத்துத்தானே பணக்காரர் ஆனார்கள்? நம்மை மட்டும் தடுப்பது நியாயமா?” என்று கேட்போர் உண்டு. இக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆம்பூரில் ஆலை மூடினால் முதலில் அடுப்பு அணைவது கூலியாளின் வீட்டிலே. ஆதலால் அவகாசம் கொடுப்பதும் மானியம் கொடுப்பதும் சர்க்காரின் கடமை. மலிவு விலைக்குச் செருப்புக் கேட்கும் மேல்நாட்டு வியாபாரியும் சுத்திகரிப்புச் செலவில் தன் பங்கை விலையில் தரவேண்டும். ஆனால் மேல்நாட்டாரின் சரித்திரத்தையும் ஒழுங்காகப் படிக்கவேண்டும். 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் லண்டன் பாராளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. அதன் பிறகே பெரும் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் பிறந்தது. அதுவரை காலராவில் செத்த ஏழைகள் கணக்கில் வரவில்லை. அந்தத் தவற்றைக் கண்ணால் கண்ட பிறகும், அதையே நமக்கு உரிமையாகக் கேட்பது அறிவுடைமையா? வேலை கொடுத்தேன் என்பது கூலியாளோடு செய்த ஒப்பந்தம். கிணற்றுக்காரன் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லையே!

இனி, பெரிய கம்பெனிகளை மட்டும் பேசிவிட்டு நம்மை மறந்துவிடலாகாது. செராஸின் ஒரு பக்கத்து லோங்கான்கள் எல்லாம் கெராயோங் ஆற்றில் விழுந்து, கிள்ளான் ஆற்றோடு கூடி, கிள்ளான் பட்டணத்தைக் கடந்து கடலில் சேர்கின்றன. நம்மவர் உணவகங்களில் தட்டு கழுவும் நீரில் எண்ணெயும் கொழுப்பும் எவ்வளவு! அவற்றைத் தடுத்து நிறுத்தும் பெட்டியைப் பொருத்தியிருக்கிறோம். நாள்தோறும் அதிலுள்ள கசடை அள்ளுகிறோமா, அதிகாரி வரும் வாரத்தில் மட்டும் அள்ளுகிறோமா? பொரித்த எண்ணெயைக் காசு கொடுத்து வாங்க ஆள் வந்த பிறகு, அதை யாரும் லோங்கானில் ஊற்றுவதில்லை. விலை போகாத கசடு மட்டும் இன்னும் ஊற்றப்படுகிறது. 2017 முதல் சிலாங்கூரில் பிளாஸ்டிக் பைக்கு 20 காசு வாங்கவேண்டும் என்றானதும், வீட்டிலிருந்து பை கொண்டுவரும் வழக்கம் மீண்டும் தலைகாட்டியது. 20 காசு செய்த உபதேசத்தை நம் வாய் செய்யவில்லை! செம்பனை ஆலையைத் திருத்திய அதே கணக்குதான் மளிகைக் கடையையும் திருத்துகிறது. அளவு சிறிது, கடன் ஒன்றே.

ஆகவே, சட்டத்தைக் கடுமையாக்கும்போது நம் சங்கங்கள் முணுமுணுக்கலாகாது. சிறு வியாபாரிக்குத் தவணையும் உதவியும் கேட்கலாம், விலக்குக் கேட்கலாகாது. ஒரே வரிசையிலுள்ள உணவகங்கள் சேர்ந்து, கசடை முறையாக எடுத்துச்செல்லப் பொதுவில் ஒரு வண்டி அமர்த்திக்கொள்ளலாம். ஜும்ஆ மேடைகளில், ஒளு செய்யும் நீரை வீணாக்காதீர்கள் என்று சொல்லும் உலமாப் பெருமக்கள், பிறர் ஒளு செய்யும் நீரைக் கெடுக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டுகிறோம்.

சட்டம் நம் கையைப் பிடிக்கட்டும். அது நமக்குச் செய்யும் உபகாரமே. கை கட்டப்பட்டிருக்கும் நேரத்திலேயே உள்ளமும் அவ்வழக்கத்துக்குப் பழகிவிடக்கூடும். பிள்ளையைத் தொழுகைக்கு முதலில் அதட்டித்தானே எழுப்புகிறோம்? பின்னர் அவன் தானாக எழுகிறான். அவ்வாறு தானாக எழும் நிலையை நம் வியாபாரிகளுக்கும் ஆலை அதிபர்களுக்கும் நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! பிறர் ஹக்கைச் சுமந்தவர்களாக நம்மை மறுமையில் எழுப்பாதிருப்பானாக! ஆமீன்.